சங்கஞ்செடிக்கு ஒரு நெல்லைக்காரன் எழுதும் மடல்

சங்கஞ்செடியே,

தாமிரபரணிக்கு நன்றி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. 2018-இல் மகா புஷ்கரம் நடந்தபோது பாபநாசம் தொடங்கி முறப்பநாடு வரை படித்துறைகளில் கால் வைக்க இடமில்லை. ஆடிப்பெருக்கு, தைப்பூசம், மேடைப் பேச்சு என்று ஆற்றுக்கு வருஷம் முழுக்க மாலை விழுந்துகொண்டே இருக்கிறது. விழட்டும், தகும். ஆனால் ஆற்றை விட்டு வடக்கே தள்ளி, மானூர்ப் பக்கமும் கங்கைகொண்டான் பக்கமும் வெயிலில் காய்ந்து கிடக்கிற உனக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்கில் உன்னைப் 'புதர்' என்று எழுதி, நீ நிற்கிற இடத்தைத் 'தரிசு' என்று முடித்துவிட்டார்கள். அதனால் இந்த மடலை உறையில் போட்டு ஒட்டாமல், நாலு பேர் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக முதலில் அடையாளம் சொல்லிவிடுகிறேன். முட்சங்கன், இசங்கு, சங்கஞ்செடி என்று பக்கத்துக்கு ஒரு பெயரில் உன்னை அழைக்கிறார்கள். தண்டில் எதிரெதிராக இரண்டு இலை, கணுவுக்கு நான்கு முள் வரை. போதாததற்கு இலையின் நுனியும் குத்தும். பூ இருக்கிறதா இல்லையா என்று குனிந்து தேட வேண்டும், அவ்வளவு சிறிசு, அதுவும் பச்சையோடு பச்சை. பழம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பிரெஞ்சுக்காரர் லமார்க் 1783-இல் உன்னை 'அசிமா டெட்ராகாந்தா' என்று பதிவு செய்தார். இதே லமார்க்தான் 1809-இல், எட்டி எட்டித் தழை தின்றதால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்று எழுதினார். பாவம், அவர் நம்மூர்க் கொடி ஆட்டைப் பார்த்ததில்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று அதுவும் தலைமுறை தலைமுறையாக எட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உன்னைப் பற்றித் தேடிப் படிக்கும்போது, உனக்கு உறவே இல்லாத, ஆனால் உன் பிழைப்பையே பிழைக்கிற ஒரு செடி கண்ணில் பட்டது. ஸ்பெயின் நாட்டின் சியரா நெவாடா மலைத்தொடரிலும், கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோவின் அட்லஸ் மலைகளிலும், உயர்ந்த சுண்ணாம்புப் பாறைகளின் மேல் வளர்கிற எரினேசியா. அவரைக் குடும்பம், நீலம் கலந்த ஊதாப் பூ, உடம்பெல்லாம் முள். குளிர்காலத்தில் அதன் மேல் பனி மூடும், கோடையில் சொட்டு மழை இருக்காது, காற்று எப்போதும் அடிக்கும். இத்தனைக்கும் அது கண்டுபிடித்த வழி உயராமல் இருப்பது. கிளைகளை நெருக்கி நெருக்கி அடுக்கி, பாறையோடு ஒட்டிய ஒரு திண்டாகக் கிடக்கும். காற்று மேலே வழுக்கிப் போய்விடும். திண்டின் உள்ளே காற்று அசையாது, ஈரம் சீக்கிரம் காயாது, உதிர்ந்த இலை பறந்து போகாமல் அங்கேயே மக்கும். வெறும் பாறை மேல் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி அது.

நமக்கு அப்படி ஒரு மலை வாய்க்கவில்லை. பொதிகைக்கு உயரம் இருக்கிறது, 1868 மீட்டர், சுண்ணாம்பு இல்லை. தாழையூத்துக்குச் சுண்ணாம்பு இருக்கிறது, உயரம் இல்லை. ஆனால் சுண்ணாம்பு, வறட்சி, காற்று என்ற மூன்றும் உனக்கும் உண்டு. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக்காற்றுதான் உன் மேலும் அடிக்கிறது. சுக்கான்பாறையில் வேர் இறக்கி நிற்பாய், உப்பு மண்ணிலும் கூசாமல் நிற்பாய். அங்கே பனி செய்கிற வேலையை இங்கே ஆட்டின் பல் செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆடு அண்டாத வேலியில் நீ வேறு ஆள். பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறி, ஆள் உயரத்தைத் தாண்டிப் படர்ந்துவிடுவாய். மேய்ச்சல் காட்டில் அந்தச் சுதந்திரம் உனக்கு இல்லை. நீ துளிர் விட்டதும் கன்னி ஆடு வந்து நுனியைக் கடிக்கும். கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடும் இருந்தால் பால்கன்னி, கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. இரண்டுக்கும் உன் துளிர் என்றால் பிடிக்கும். நுனி போனால் கீழ்க்கணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு வரும், கிளை கூடக்கூட முள்ளும் கூடும். வருஷக்கணக்கில் இப்படிக் கடிபட்டுக் கடிபட்டு, முழங்கால் உயரத்தில் வாய் நுழைய முடியாத ஒரு முள் திண்டு ஆகிவிடுகிறாய். அதன் பிறகு ஆட்டுக்கு மேல்தோல் மட்டும்தான். உள்வட்டம் உனக்கு.

உனக்கு மட்டுமா? இங்கேதான் என் முதல் நன்றி.

வேப்பம்பழம் பழுக்கிற ஆனி ஆடியில் கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டு உன் மேல் வந்து உட்காரும். வெட்டவெளிக் காட்டில் அவற்றுக்கு உட்கார வேறு இடம் குறைவு. கொட்டை உன் தூருக்குள் விழும். வெளியே விழுந்த கொட்டை முளைத்தாலும் இரண்டு இலை விட்ட அன்றே ஆடு தின்றுவிடும். ஆடு தப்பவிட்டதைச் சித்திரை வெயில் விடாது. உன்னுள் விழுந்த கொட்டைக்கு நிழல் உண்டு, மக்கிய இலை மண் உண்டு, சுற்றி நாலு திசையும் முள் உண்டு. மூன்று நான்கு வருஷம் உன் மறைவில் இருந்துவிட்டு, ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஒருநாள் தலை நீட்டும். கங்கைகொண்டான் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் சொன்னார்: "நட்ட வேம்பு பத்துல ரெண்டு பிழைச்சா அதிசயம் அண்ணாச்சி. சங்கன் தூருக்குள்ள தானா முளைச்சதை ஒரு பயலும் ஒண்ணும் செய்ய முடியாது." காட்டில் ஒற்றையாக நிற்கிற வேம்பின் அடியைப் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். பார்த்தேன். பல மரங்களின் அடியில் நீயோ, காரையோ, சூரைமுள்ளோ இன்னும் சுற்றிக் கிடக்கிறீர்கள். சில இடங்களில் நீ பட்டுப்போய்க் குச்சிதான் மிச்சம். வளர்ந்த வேம்பின் நிழலே உன்னை முடித்திருக்கும். அதற்காக நீ வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

பெரியவர் வாயால் சொன்னதை சியரா நெவாடாவில் ஆராய்ச்சியாளர்கள் நட்டுப் பார்த்துச் சொன்னார்கள். அங்கேயும் காடு வளர்ப்பு என்றால் முதல் வேலை புதரைச் சுத்தமாக வழித்தெடுப்பது என்றுதான் பழகியிருந்தார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வில் பைன் நாற்றுகளைச் சிலவற்றை வெட்டவெளியிலும் சிலவற்றைப் புதர்களின் அடியிலும் நட்டு ஒப்பிட்டார்கள். புதரடியில் நட்டவை கூடுதலாகப் பிழைத்தன. கோடை வெயில்தான் நாற்றின் முதல் எதிரி, புதர் அதைத் தாங்கிக்கொண்டது. பகை என்று நினைத்துப் பிடுங்கியது பிள்ளை வளர்க்கிற தாதி என்று அங்கே இப்போது எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் இதைச் சொல்ல ஆடு மேய்ப்பவரைத் தவிர ஆள் இல்லை. அவர் சொன்னால் கேட்கவும் ஆள் இல்லை.

இரண்டாவது நன்றி நெல்லுக்கு. "நெல்லுக்கு ஆறு போதும், முள்செடி எதற்கு" என்று கேட்பார்கள். ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ. வயலில் பயிர் நிற்கிற மாதங்களில் ஆட்டு மந்தை அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. அத்தனை மாதமும் அது எங்கே போய் வயிறு நிரப்பும்? உன்னிடம்தான். உன் துளிர், இலந்தைத் தழை, உடைமரத்து நெற்று, மழைக்கு முளைத்த புல், இவை எல்லாம் சேர்ந்த மேட்டுக்காடுதான் மந்தையைக் காப்பாற்றுகிறது. அறுப்பு முடிந்து வயல் காலியானதும் அதே மந்தை இறங்கி வந்து கிடை போடும். ராத்திரி முழுக்க ஆடு வயலில் அடைந்து கிடக்க, காலையில் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேர்ந்திருக்கும். காட்டில் நீ வளர்த்த தழை இப்படித்தான் வயலுக்கு உரமாக வந்து சேருகிறது. அம்பாசமுத்திரம் அரிசிச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் தண்ணீரின் ருசி என்பார்கள். தண்ணீருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. உன் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையான நன்றி. தாவரவியல்காரர்கள் உன்னைக் கடுகு இருக்கிற வரிசையில் வைத்திருக்கிறார்கள். முருங்கையும் பப்பாளியும் அதே வரிசைதான். தாளிக்கிற கடுகு, சாம்பாரில் மிதக்கிற முருங்கைக்காய், கொல்லையில் காய்க்கிற பப்பாளி எல்லாமே உனக்குத் தூரத்துச் சொந்தம். ஆள் பார்க்க ஒட்டவே இல்லை, ஆனால் ரசாயனம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடுகுக்குக் காரம் கொடுக்கிற கந்தகச் சேர்மங்களின் வகை உன் வேரிலும் இருக்கிறது. பப்பாளி இலையில் உள்ள கார்பைன் என்ற கசப்புப் பொருள் உன்னிடமும் உண்டு. பூச்சிகள் பெரும்பாலும் இந்தக் காரத்துக்குப் பயந்து ஒதுங்கும். வெள்ளை, மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தில் சில மட்டும் இதைச் செரிக்கப் பழகிவிட்டன. அவற்றில் ஒன்று கோலோட்டிஸ் அமாட்டா. இறக்கையில் வெளிறிய ஆரஞ்சும் ஓரத்தில் கறுப்புமாக, தரையை ஒட்டித் தாழப் பறக்கும். உகா மரம், சங்கஞ்செடி, இந்த இரண்டையும் நம்பித்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. நெல்லைச் சமவெளியில் உகா மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பூச்சியின் வம்சம் உன் இலையில்தான் எழுதியிருக்கிறது. நீ இல்லாத காட்டில் அதைப் பார்க்க முடியாது. எத்தனை பூச்செடி நட்டு வைத்தாலும் வராது.

வீட்டு நன்றியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சங்கிலையும் வேப்பிலையும் சேர்த்து அரைத்துக் கொடுப்பது ஆச்சிமார் காலத்து வழக்கம். சித்த மருத்துவம் அதை இன்னும் வைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் உன்னை இலை, வேர், பட்டை என்று தனித்தனியாகப் படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். (மடலைப் படிக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாமாக அரைத்துக் குடிக்க வேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள்.) பழத்தைப் பற்றிச் சொல்ல வைத்தியர் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கையைக் கிழித்துக்கொண்டு பறித்துத் தின்ற பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர். லேசான காரம், வழவழப்பு, உள்ளே தட்டையான கறுப்பு விதை. பெரிய ருசி என்று சொல்ல மாட்டேன். காசு கொடுக்காமல் கிடைத்தது, அதுவே ருசி.

ஒரு பாடத்தை மட்டும் அந்த வயதில் யாரும் சொல்லித்தரவில்லை. சில செடியில் எத்தனை முறை போய்ப் பார்த்தாலும் பழமே இருக்காது. மலட்டுச் செடி என்று திட்டுவோம். உன்னில் ஆண் தனி, பெண் தனி. பழம் இல்லாத செடி இல்லையென்றால் பக்கத்துச் செடியிலும் பழம் இல்லை.

இனி உனக்கு நாங்கள் செய்வதைப் பார்க்கலாம். தாழையூத்தில் 1949-இல் சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது. எப்போதோ கடலடியில் படிந்து, பூமியின் ஆழத்தில் வெந்து பளிங்கான சுண்ணாம்பை வெட்டியெடுத்து, தென்மாவட்டங்களின் பாதி வீடுகளை அந்தச் சிமெண்டில் கட்டினோம். அதைக் குறை சொல்லும் தகுதி சிமெண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு இல்லை. சுண்ணாம்பை எடுத்த இடம் குழியாகும், அது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. என் கோபம் கண்ணுக்குத் தெரியாத கணக்கின் மேல். மத்திய அரசு 2000-இல் முதன்முதலாக வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில் முள்புதர்க் காட்டுக்குத் தனி வகை உண்டு, அது இருப்பது தரிசு என்ற தலைப்பின் கீழ். அப்படி எழுதிய மறு நிமிஷம் அந்த நிலம் யாருக்கும் கொடுக்கக்கூடிய நிலமாகிவிடுகிறது. ஆதிச்சநல்லூரையும் ஒருவர் அப்படித்தான் எழுதியிருப்பார். 114 ஏக்கர் மேட்டுப் பரம்பு, உழவுக்கு ஆகாது. ஆகாது என்று விட்டதால் ஏர் படவில்லை. ஏர் படாததால் அலெக்சாண்டர் ரே 1899-இல் தோண்ட வந்தபோது முதுமக்கள் தாழிகள் பத்திரமாக இருந்தன. பயிர் விளையாத நிலத்தில் எதுவுமே இல்லை என்று நம் கணக்கப்பிள்ளைகளுக்கு யார் சொன்னார்களோ.

சீமைக்கருவேல் வந்தது உனக்கு அடுத்த சோதனை. 1876-இல் அதன் விதையைத் தருவித்துத் தரும்படி சென்னை அரசுக்கு எழுதியவர் வன அதிகாரி பெடோம். நெல்லை மலைகளில் ஏறி இறங்கிப் பெரணியும் தவளையும் பாம்பும் சேகரித்த அதே பெடோம்தான். இங்குள்ள செடிகளை அவ்வளவு அறிந்த மனிதருக்கும் இங்குள்ள முள் போதவில்லை. விதை வந்தது, பரவியது, உன் இடத்தைப் பிடித்தது. பிறகு 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊரெல்லாம் ஜேசிபி இறங்கியது. அகற்ற வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜேசிபியின் வாளிக்கு எல்லா முள்ளும் ஒரே முள். கருவேலோடு சேர்ந்து நீயும் போனாய், காரையும் இலந்தையும் போயின. வெட்டிய தூரிலிருந்து கருவேல் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டது. வேரோடு பிடுங்கப்பட்ட நீ வரவில்லை.

அதைவிட எனக்கு வேதனை தருவது மரம் நடும் விழாக்கள். நல்ல மனசுக்காரர்கள்தான் செய்கிறார்கள். முதல்நாள் இடத்தைச் சுத்தம் செய்வார்கள். சுத்தம் என்றால் நீ. மறுநாள் உன்னைப் பிடுங்கிய குழியிலேயே ஒரு வேப்பங்கன்றை வைத்து, சுற்றி இரும்புக் கூண்டு போட்டு, கூண்டில் பெயர் எழுதி, குடத்தில் தண்ணீர் ஊற்றிப் படம் எடுப்பார்கள். கோடை வந்ததும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது, கூண்டு மட்டும் நிற்கும். கூண்டும் இல்லாமல் குடமும் இல்லாமல் நீ செய்துகொண்டிருந்த வேலை அது.

முள்காடாகவே விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கங்கைகொண்டானில் 288.40 ஹெக்டேர் நிலத்தை அரசு 2013-இல் புள்ளிமான் சரணாலயமாக அறிவித்தது. பக்கத்திலேயே தொழிற்பூங்கா, ரயில் பாதை, நாற்கரச் சாலை. இத்தனைக்கும் நடுவில் மான் அங்கே பிழைத்துக் கிடக்கிறது. அது ஒதுங்குவது பெரிய சோலையில் இல்லை, முள்மரங்களும் புதரும் நிறைந்த அந்தக் காய்ந்த காட்டில்தான். நாட்டின் தென்கோடியில் புள்ளிமான் இயல்பாக வாழ்கிற இடம் அது என்கிறார்கள். புதர் வேண்டாம் என்று வழித்திருந்தால் சரணாலயப் பலகை நட இடம் இருந்திருக்கும், மான் இருந்திருக்காது.

உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மிச்சம் இந்த மடலைப் பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கு.

ஊராட்சித் தலைவர்களே, கருவேல் அகற்ற ஒப்பந்தம் விடும்போது ஏக்கர் கணக்கில் மொத்தமாக விடாதீர்கள். வண்டி இறங்குவதற்கு முதல்நாள் உங்கள் ஊர் ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போய், எதை விட வேண்டும் என்று துணி கட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு நாள் வேலை அது. ஒற்றைச் செடியை மட்டும் விட்டுவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ஆணும் பெண்ணும் இருந்தால்தான் பழம், பழம் இருந்தால்தான் குருவி. கூட்டமாக விடுங்கள். மரம் நடும் நண்பர்களே, இந்த ஐப்பசி மழைக்குக் கன்று வாங்கியிருப்பீர்கள். ஒரே ஒரு முறை சோதனைக்காகப் பாதிக் கன்றுகளைச் சங்கஞ்செடியைப் பிடுங்காமல், அதன் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, தூரின் நிழலிலேயே நட்டுப் பாருங்கள். கூண்டுக்கு வைத்திருந்த காசு மிச்சமாகும். அடுத்த ஆவணியில் இரண்டு பாதியையும் எண்ணிப் பார்த்துவிட்டு, எந்தப் பாதி பிழைத்தது என்று ஊருக்குச் சொல்லுங்கள்.